"ஹெர்னியா" என்று சீட்டு வந்தால் தறியை விட வேண்டுமா?

ஆரணி. பட்டு நெசவுக்குப் பெயர் போன ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது.

இங்கும், பக்கத்தில் உள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பொழுது விடிந்ததும் தறிச் சத்தம் கேட்கும். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ராத்திரியிலும் நிற்காது.

இந்த ஊரில் ஒரு நெசவாளர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது 45. குழித் தறியில் உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்கிறார்.

ஆறு மாதமாக அவருக்கு நெஞ்சு எரிகிறது. சாப்பிட்டுவிட்டுக் குனிந்தால் புளித் தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. படுத்தால் இருமல். சோடா குடித்துப் பார்த்தார். சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். போட்டால் நிற்கிறது. விட்டால் வருகிறது.

கடைசியில் டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஹையாட்டஸ் ஹெர்னியா" என்று இருந்தது.

அவ்வளவுதான்! தெருவே கூடிவிட்டது.

"ஹெர்னியாவா? குடல் இறக்கம் ஆச்சே அண்ணே! ஆபரேஷன்தான் செய்யணும்" என்றார் ஒருவர்.

"இனிமேல் தறியில் உட்காரவே கூடாது" என்றார் இன்னொருவர்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். சேலை கொடுக்கும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இன்னும் அடையவில்லை. தறி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் அடுப்பு நிற்கும்.

"என்னங்க, தாலிக்கொடியை வைத்தாவது ஆபரேஷன் செய்துடலாம்" என்றாள்.

இது கற்பனைதான். ஆனால், ஹெர்னியா என்ற ஒரு சொல் பல வீடுகளில் இப்படித்தான் கலக்கத்தை உண்டாக்குகிறது.

இந்தக் கலக்கம் தேவையா?

பெரும்பாலும் தேவை இல்லை! ஆனால் "ஒன்றும் இல்லை" என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது உண்மை.

இது வேறு, அது வேறு!

ஹெர்னியா என்றால் என்ன?

உடம்பில் ஒரு உறுப்பு, தான் இருக்க வேண்டிய இடத்தை விட்டு, பலவீனமான ஒரு சந்தின் வழியாக வெளியே துருத்திக் கொண்டு வருவதற்கு ஹெர்னியா என்று பெயர்.

தொடை இடுக்கில் குடல் துருத்திக் கொண்டு வருவது ஒரு வகை. இதைத்தான் ஊரில் குடல் இறக்கம் என்கிறார்கள். இருமினால் புடைக்கும். படுத்தால் உள்ளே போகும். கையால் தொட்டுப் பார்க்கலாம். இந்த வகைக்கு டாக்டர்கள் பெரும்பாலும் ஆபரேஷன்தான் சொல்வார்கள்.

ஹையாட்டஸ் ஹெர்னியா அது அல்ல.

இதில் குடல் கீழே இறங்குவது இல்லை. இரைப்பைதான் மேலே ஏறுகிறது! வெளியில் வீக்கம் தெரியாது. தொட்டுப் பார்க்கவும் முடியாது.

பெயரில் பாதி ஒன்றாக இருக்கிறது. அதனால் வந்த குழப்பம்தான் இவ்வளவும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு திரை

நம் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. குடை விரித்தது போல் இருக்கும். இதற்கு உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சு விடுவதற்கு உதவுவது இந்தத் திரைதான்.

திரைக்கு மேலே இருதயமும் நுரையீரலும் இருக்கின்றன. கீழே இரைப்பை, கல்லீரல், குடல் எல்லாம் இருக்கின்றன.

நாம் சாப்பிடும் சோறு தொண்டையில் இருந்து உணவுக் குழாய் வழியாக இறங்குகிறது. இந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. அது வயிற்றுக்குப் போக வேண்டுமானால் திரையைத் தாண்டியாக வேண்டும்.

அதற்காகத் திரையில் ஒரு துவாரம் இருக்கிறது. அந்தத் துவாரத்துக்குத்தான் ஹையாட்டஸ் என்று பெயர்.

உணவுக் குழாயின் அடியில் சுருக்குப் பை போல் இறுக்கும் தசை ஒன்று உண்டு. சோறு வந்தால் திறக்கும். போனதும் மூடிக் கொள்ளும். சுற்றி இருக்கும் திரையின் தசையும் சேர்ந்து இறுக்கிக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு கதவு மாதிரி வேலை செய்கின்றன.

இந்தக் கதவு ஏன் வேண்டும்?

இரைப்பையில் ஊறுவது கடுமையான அமிலம். அந்த அமிலத்தைத் தாங்கும்படி இரைப்பையின் உள் சுவர் அமைந்திருக்கிறது. உணவுக் குழாய்க்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. அமிலம் மேலே வந்தால் குழாய் புண்ணாகும். அந்த எரிச்சலைத்தான் நெஞ்செரிச்சல் என்கிறோம்.

துவாரம் அகன்றுவிட்டால், இரைப்பையின் மேல் பாகம் அதன் வழியாக மார்புப் பக்கம் ஏறிவிடுகிறது. அப்போது கதவு தளர்ந்து போகிறது. அமிலம் மேலே வர வழி கிடைத்துவிடுகிறது.

ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இவ்வளவுதான்.

100-க்கு 95

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு.

ஒன்று, வழுக்கும் வகை. இரைப்பையின் மேல் நுனி மேலே போகும், கீழே வரும். 100 பேரில் சுமார் 95 பேருக்கு இந்த வகைதான். இவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பது இல்லை. வேறு எதற்காகவோ படம் எடுக்கும்போதுதான் தெரிய வரும்.

இரண்டாவது, பக்கவாட்டில் ஏறும் வகை. உணவுக் குழாயின் பக்கத்தில் இரைப்பையின் ஒரு பாகம் மேலே ஏறி உட்கார்ந்து கொள்ளும். இது குறைவு. ஆனால் கவனமாக இருக்க வேண்டிய வகை. எப்போதாவது இரைப்பை முறுக்கிக் கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "ஐயா, எனக்கு இருப்பது எந்த வகை? சிறியதா, பெரியதா?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

சீட்டில் "கிரேடு" என்று ஒரு சொல் இருக்கும். பக்கத்தில் ஏ, பி என்றோ, 1, 2 என்றோ இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று சிலர் அழுது விடுகிறார்கள். அது தவறு. குழாயில் புண் எவ்வளவு இருக்கிறது, கதவு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கான அளவுதான் அது. புற்றுநோய்க்குச் சொல்லும் கணக்கு வேறு.

தறியில் உட்காருவதால் வருகிறதா?

நெசவாளர் வீடுகளில் எழும் கேள்வி இது.

வயது ஏற ஏறத் திரையின் தசை தளர்கிறது. அதனால் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இது அதிகம். உடல் பருமன் ஒரு காரணம். விடாத இருமலும், மலச்சிக்கலில் முக்குவதும், பெரிய சுமை தூக்குவதும் வயிற்றுக்குள் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. கர்ப்பிணிப் பெண்களுக்குக் குழந்தை வளர வளர வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். அவர்களுக்கு வரும் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும்.

தறியில் உட்கார்ந்ததால்தான் ஹெர்னியா வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வந்திருக்கும் தொல்லையைத் தறி அதிகமாக்கும்.

எப்படி?

குழித் தறியில் நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்காருகிறார். நெய்த சேலையைச் சுற்றும் படமரம் அவர் வயிற்றுக்கு எதிரே இருக்கிறது. அறுந்த இழையை முடிய முன்னால் குனிகிறார். வயிறு மடங்குகிறது. நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே இப்படிக் குனிந்தால் என்ன ஆகும்? வாய் கட்டாத தண்ணீர்ப் பையை அமுக்கியது போல் அமிலம் மேலே வரும்.

ஆரணி அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கும் இதே கதைதான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே மூட்டைக்குத் தோள் கொடுக்கக் கூடாது.

ஆகவே, குற்றம் தறியின் மேல் இல்லை. சாப்பிட்ட உடனே தறியில் குனிவதுதான் குற்றம்!

நூல் கொடுத்த கண்

இந்த நோய் புதிது அல்ல. அதைப் பார்க்கும் கண்தான் புதிது.

எக்ஸ்ரே வருவதற்கு முன்பு இதைப் பிணத்தை அறுத்துப் பார்த்துத்தான் கண்டார்கள். 1926-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு எக்ஸ்ரே நிபுணர் ஆகே ஆகெர்லுண்ட், இதை வகை வகையாகப் பிரித்து எழுதினார். 1951-ம் ஆண்டில் இங்கிலாந்து டாக்டர் பிலிப் அலிசன், இதற்கும் நெஞ்செரிச்சலுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு வந்தது வயிற்றுக்குள் பார்க்கும் குழாய். இதில் ஒரு இந்தியருக்குப் பங்கு உண்டு.

பஞ்சாபில் உள்ள மோகா என்ற ஊரில் பிறந்தவர் நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தார்கள். அந்தக் கட்டை வளைத்தாலும், ஒரு முனையில் தெரிவது மறு முனையில் தெரிந்தது. இந்தச் செய்தி 1954-ம் ஆண்டில் வெளிவந்தது.

அதைப் படித்தார் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர். அமெரிக்காவில் அதைக் கொண்டு வளையும் குழாய் ஒன்றைச் செய்தார். 1957-ம் ஆண்டில் அதை முதலில் விழுங்கியது யார்? அவரே தான்!

பட்டு இழையால் சேலை நெய்கிறார்கள். கண்ணாடி இழையால் டாக்டர்கள் வயிற்றுக்குள் பார்க்க ஒரு கண்ணை நெய்து விட்டார்கள்!

இன்றைய குழாய்களின் நுனியில் சிறிய கேமராவே இருக்கிறது. திரையில் படம் தெரிகிறது. முன்பு பெரிய நகரங்களில் மட்டும் இருந்த இந்தச் சோதனை, இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் நடக்கிறது. அதனால்தான் "ஹெர்னியா" என்ற சீட்டு இப்போது பல வீடுகளுக்கு வருகிறது.

சோதனைக்குப் பயப்பட வேண்டியது இல்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டை மரத்துப் போக மருந்து அடிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குமட்டும். வலி இருக்காது.

மாத்திரை மிட்டாய் அல்ல!

அமிலத்தைக் குறைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒமிப்ரசோல். 1988-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பிறகு பான்டோபிரசோல் வந்தது. இன்று இந்தியாவில் மிக அதிகமாக விற்கும் மருந்துகளில் பான்டோபிரசோலும் ஒன்று.

இவை நல்ல மருந்துகள்தான். ஆனால், சாப்பிடும் முறை தெரிய வேண்டும்.

காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதி பலன்தான். பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் வரை கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிலருக்கு, குழாயில் புண் அதிகமாக இருந்தால், நீண்ட காலம் சாப்பிடச் சொல்வார்கள். அவர்கள் பயந்து நிறுத்தக் கூடாது.

டாக்டரைக் கேட்காமல் வருடக் கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடுவதுதான் தவறு. நீண்ட காலம் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் வைட்டமின் பி-12, மெக்னீசியம் குறையலாம். 2019-ம் ஆண்டில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஒரு எச்சரிக்கை செய்தது. இந்த வகை மாத்திரைகளால் திடீரென்று சிறுநீரகக் கோளாறு வரக் கூடும் என்பதை மருந்துடன் வரும் குறிப்பில் அச்சிட வேண்டும் என்று கூறியது.

இன்னொரு மாத்திரை இருக்கிறது. அது இதைவிட ஆபத்தானது. வலி மாத்திரை!

நாள் முழுவதும் தறியில் இருந்தால் இடுப்பு வலிக்கும். மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும். உடனே கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். பல வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். ரத்தக் கசிவை உண்டாக்கும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

வீட்டிலேயே இருக்கும் வைத்தியம்

சிறிய ஹெர்னியாவுக்கு முதல் வைத்தியம் கத்தி அல்ல, பழக்கம். இதோ அந்தப் பழக்கங்கள்:

ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அதே சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டதும் தறிக் குழியில் இறங்க வேண்டாம். ஒரு மணி நேரம் நிமிர்ந்து செய்யும் வேலையைப் பாருங்கள். தார் சுற்றலாம். கடைக்கு நடந்து போய் வரலாம். பிறகு தறிக்கு வாருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று மணி நேரம் இருக்கட்டும். பத்து மணிக்குப் பிரியாணி, பத்தரை மணிக்குப் படுக்கை என்றால் நெஞ்சு எரியத்தான் செய்யும்!

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரை அடி உயரத்துக்குக் கட்டையோ செங்கல்லோ வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் போதாது. கழுத்துதான் மடங்கும். மார்பும் சேர்ந்து உயர வேண்டும். பாயில் படுப்பவர்கள் மார்பில் இருந்து தலை வரை சரிவாக இருக்கும்படி மெத்தையை மடித்துப் போட்டுக் கொள்ளலாம். இடது பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது.

இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டாம். பெண்கள் பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டிக் கொள்ளலாம்.

பீடி, சிகரெட், புகையிலை, சாராயம் இவை கதவைத் தளர்த்தும். விட்டுவிடுவது நல்லது. எண்ணெய்ப் பலகாரமும் அதிகக் காரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யாது. எதைச் சாப்பிட்டால் எரிகிறது என்று கவனியுங்கள். அதை மட்டும் குறையுங்கள். ஊரார் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு இளைத்துப் போக வேண்டாம்.

உடம்பு பருத்திருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். அதற்கு ஈடான மருந்து வேறு இல்லை.

யாருக்கு ஆபரேஷன்?

மூன்று வகையினருக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்.

பக்கவாட்டில் ஏறும் வகை இருந்து, தொல்லையும் கொடுத்தால் வேண்டியிருக்கும். மருந்தும் பழக்கமும் சரியாக இருந்தும் அமிலம் மேலே வருவது நிற்காவிட்டால் வேண்டியிருக்கும். பெரிய ஹெர்னியாவால் ரத்தம் கசிந்து, ரத்தசோகை வந்துகொண்டே இருந்தாலும் வேண்டியிருக்கும்.

இந்த ஆபரேஷன் பிறந்த கதை சுவையானது.

ருடால்ப் நிசென் என்று ஒரு டாக்டர். ஜெர்மனியைச் சேர்ந்த யூதர். 1933-ம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டுப் புறப்பட்டார். துருக்கியில் இஸ்தான்புல் நகரில் வேலை பார்த்தார்.

அங்கே 1936-ம் ஆண்டில், உணவுக் குழாயின் அடியில் புண் வந்த ஒரு இளைஞருக்கு ஆபரேஷன் செய்தார். தைத்த இடம் பிரிந்துவிடக் கூடாதே என்று, இரைப்பையின் மடிப்பை அதன் மேல் சுற்றி வைத்தார். வருடங்கள் ஓடின. அந்த நோயாளிக்கு நெஞ்செரிச்சல் அடியோடு நின்று போயிருந்தது!

நிசென் அமெரிக்கா போனார். 1948-ம் ஆண்டில் விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்று ரத்தக் குழாயில் ஆபரேஷன் செய்தது இவர்தான். பிறகு சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்கு வந்தார். பழைய நோயாளியின் நினைவு அவருக்கு வந்தது. 1955-ம் ஆண்டில், நெஞ்செரிச்சலைத் தீர்ப்பதற்காகவே அந்த ஆபரேஷனைச் செய்தார்.

முறை எளியது. மேலே ஏறிய இரைப்பையைக் கீழே இழுப்பார்கள். அகன்ற துவாரத்தைத் தைத்துச் சிறிதாக்குவார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றுவது போல், இரைப்பையின் மேல் பாகத்தை உணவுக் குழாயைச் சுற்றித் தைப்பார்கள். அதுவே புதிய கதவு.

1991-ம் ஆண்டில் இருந்து இதைச் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டியது இல்லை. ஆனால் இதிலும் குறை உண்டு. சில நாட்களுக்கு விழுங்குவது சிரமமாக இருக்கலாம். வயிறு உப்பலாம். சிலருக்குச் சில வருடங்களில் மறுபடியும் மேலே ஏறிவிடலாம். ஆகவேதான் அவசியம் உள்ளவர்களுக்கு மட்டும் செய்கிறார்கள்.

"வாயு" என்று ஏமாறாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத பாகம் இதுதான்.

நெஞ்செரிச்சலும் மாரடைப்பும் சில நேரம் ஒரே மாதிரி இருக்கும். வலியை மட்டும் வைத்து டாக்டராலேயே நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அவர்கள் இ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

"எனக்குத்தான் ஹெர்னியா இருக்கிறதே, அதனால் வருகிற வலிதான்" என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. ஹெர்னியா இருப்பவருக்கு மாரடைப்பு வராது என்று சட்டம் ஒன்றும் இல்லை!

நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போல் வலி. இடது கை, தாடை, தோள் பக்கம் பரவும் வலி. குப்பென்று வேர்வை. மூச்சுத் திணறல். நடந்தால் வந்து, நின்றால் நிற்கும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி அதிகம் இல்லாமலே மாரடைப்பு வரலாம்.

தமிழ்நாடு அரசு 2023-ம் ஆண்டில் "இதயம் காப்போம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி, மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

வேறு சில அபாய அறிகுறிகளும் உண்டு.

சோறு விழுங்கும்போது சிக்குவது. காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது. ரத்த வாந்தி. தார் போல் கறுத்த மலம். இப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

திடீரென்று மேல் வயிற்றில் கடும் வலி வந்து, குமட்டிக் குமட்டி எடுத்தும் வாந்தி வராமல் இருந்தால், இரைப்பை முறுக்கிக் கொண்டிருக்கலாம். இது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை.

தாலிக்கொடிக்கு வேலை இல்லை

செலவுக்கு என்ன செய்வது?

முதலில் ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம். பெரிய சோதனை தேவைப்பட்டால், வேலூர் அடுக்கம்பாறையிலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வேலூர், ஆரணியில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. 2009-ம் ஆண்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012-ம் ஆண்டில் இருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாத குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் கொண்டு போய்க் கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம்.

ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "காப்பீட்டில் இது சேருமா?" என்று சேருவதற்கு முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு கார்டுக்கு அலைவதைவிட, இப்போதே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த நெசவாளர் வீட்டுக்குத் திரும்புவோம்.

சீட்டை எடுத்துக் கொண்டு கணவனும் மனைவியும் மறுபடியும் டாக்டரிடம் போகிறார்கள். இந்தத் தடவை மனைவிதான் கேட்கிறாள்: "ஐயா, எந்த வகை? சிறியதா, பெரியதா? மாத்திரை எத்தனை நாளைக்கு? அவர் தறியில் உட்காரலாமா?"

"சிறியதுதான் அம்மா. வழுக்கும் வகை. எட்டு வாரம் மாத்திரை சாப்பிடட்டும். சாப்பிட்டதும் குனிய வேண்டாம். தறியில் தாராளமாக உட்காரலாம்" என்கிறார் டாக்டர்.

தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது. தறி ஓடுகிறது.

எல்லோருக்கும் இதே பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது சீட்டில் உள்ள ஒரு சொல் அல்ல. தெருவில் கூடும் கூட்டமும் அல்ல.

சீட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சீட்டைக் காட்டிக் கேளுங்கள்!